புகாருக்குக் காத்திராமல் கதவைத் தட்டுங்கள்

இங்கிலாந்தில் அடாவடி வீட்டுக்காரர்களை அடக்கச் சட்டம் போதாது என்று கவுன்சில்கள் இனிச் சொல்ல முடியாது. ஆபத்தான வீட்டைத் திருத்தச் சொல்லவும், தேவைப்பட்டால் குடியிருக்கத் தடை விதிக்கவும் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டமே வழி செய்தது. 2017 முதல் கோர்ட்டுக்குப் போகாமலே 30,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 40,000 ஆக்குகிறது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, யாராவது புகார் கொடுக்கட்டும் என்று பல கவுன்சில்கள் உட்கார்ந்திருக்கின்றன.

யார் கொடுப்பார்? ஈஸ்ட்ஹாமில் வீட்டின் பின்புறத்து ஷெட்டில், ரசீதும் ஒப்பந்தமும் இல்லாமல் வாடகையைக் காசாகக் கொடுத்து இருப்பவரா? சுவரில் பூஞ்சணம் என்று வாய் திறந்தால், பூஞ்சணம் போகுமுன் அவர் போக வேண்டியிருக்கும். ஊர்க்காரர் சொல்லிக் கிடைத்த அறை என்றால் வாய் இன்னும் இறுகும். (வீட்டுக்காரர் சில வேளை நம்மவரேதான். இதை நாம் எழுதாமல் யார் எழுதுவது?) விசா இல்லாதவர் பாடு இன்னும் மோசம். குடியேற்ற நிலையைச் சரிபார்த்தே வீடு கொடுக்க வேண்டும் என்ற விதி 2016இல் இங்கிலாந்து முழுவதற்கும் வந்தது. அதற்குப் பயந்தவர் போய்ச் சேருவது எதையும் கேட்காத வீட்டுக்காரரிடம். கவுன்சில் அதிகாரியின் பின்னால் குடிவரவு அதிகாரியும் நிற்பார் என்றால் அந்தக் கதவு திறக்காது.

அதனால்தான் நியூஹாம் கவுன்சில் 2013இல் தன் பகுதி முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியதை மற்ற கவுன்சில்களும் பின்பற்ற வேண்டும் என்கிறோம். சாதாரணச் சோதனைக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் 24 மணி நேர முன்னறிவிப்பு கேட்டது. நாலு மெத்தையை வேனில் ஏற்றி அனுப்ப அது தாராளம். லைசென்ஸ் இல்லை என்ற சந்தேகத்தில் போகும் அதிகாரிக்கோ அந்தக் கட்டு இல்லை. லைசென்ஸ் பெற்ற பகிர்வு வீடு என்றால் அளவு நாடாவையும் கொண்டுபோகலாம்: ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பெரிய பரப்பில் லைசென்ஸ் கொண்டுவர அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்ற தடையும் 2024 டிசம்பரில் நீங்கிவிட்டது.

லைசென்ஸ் கட்டணம் நேர்மையான வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது என்ற முறைப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் பத்துப் பேரை அடைத்துக் காசு பார்ப்பவரோடு போட்டி போட வேண்டியவரும் அவர்தானே. ஆளில்லை என்ற சாக்கும் முழுதாக எடுபடாது. அபராதப் பணம் கவுன்சிலிடமே தங்குகிறது, வாடகை வீடுகளைக் கண்காணிக்கவே அதைச் செலவிட வேண்டும். வசூலித்தால் அதைக்கொண்டு ஆள் வைக்கலாம்.

சோதனைக்குப் போகும்போது குடிவரவு அதிகாரிகளை விட்டுவிட்டுப் போகட்டும். லைசென்ஸ் இல்லாத வீட்டில் இருந்தவர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து 12 மாத வாடகை வரை திரும்பப் பெற வழியிருக்கிறது. புதிய சட்டம் அதை 24 மாதமாக உயர்த்துகிறது. இந்த விவரத்தைத் தமிழிலும் அச்சடித்து, கதவைத் திறப்பவர் கையில் கொடுக்கட்டும்.