கப்பல் கூட்டம் கடைக்கு வருமா?

ஐரோப்பாவின் துறைமுக நகரங்களைப் பெரிய கப்பலில் ஏறிச் சுற்றிப் பார்த்து வருகிறவர்கள் இப்போது நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோரைக் கப்பலேற்றி விடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஏழெட்டுத் துறைமுகம். திரும்பி வந்தவர்களைக் கேட்டால், ஊர் சுத்தமாக இருக்கிறது, கட்டடங்கள் அழகாக இருக்கின்றன, சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதோடு முடித்து விடுகிறார்கள். வியாபாரம் செய்து பிழைக்கிற நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஊர்களில் மளிகைக் கடைக்காரர் எப்படி இருக்கிறார்? நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் கூட்டத்தால் அவர் வாழ்ந்தாரா, தாழ்ந்தாரா?

இந்தக் கேள்வி நமக்கு அவசரமானது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரரும் வெளிநாட்டவரும் வருகிறார்கள். பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாயிற்று. "சுற்றுலா வளர்ந்தால் எல்லோருக்கும் வியாபாரம்" என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நம் கருத்து என்னவென்றால், கூட்டம் தானாகக் கடைக்குள் வராது. முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத ஊரில் அது கடையைத் தள்ளிவிட்டுப் போகும். ஐரோப்பியத் துறைமுகங்கள் இதற்கு இரண்டு விதமான சாட்சியும் சொல்கின்றன.

நமக்குக் கடல் புதிதல்ல

நம் முன்னோர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறியது ஊர் பார்க்க அல்ல. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள் அவர்கள். ரஜூலா கப்பலையும், 1985-ல் தீப்பிடித்ததோடு ஓட்டம் நின்றுபோன எம்.வி. சிதம்பரம் கப்பலையும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில்தான் காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைத் திரட்டி 1940-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். கப்பலில் போகிறவன் ஒரு காரியத்தை மனதில் வைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய உதாரணம் இருக்கிறது.

ஐரோப்பியத் துறைமுகங்களோடும் நமக்குப் பழைய கணக்கு உண்டு. நம் பெரிய வீடுகளின் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் அங்கிருந்து கப்பலேறி வந்தவை. அதற்கு முன்பே நம் நாட்டு மிளகு அங்கே போயிருக்கிறது. வெனிஸ் நகரம் செல்வத்தில் மிதந்ததற்கு மிளகு வியாபாரம் ஒரு முக்கியக் காரணம். அந்த லாபத்தைத் தம் பக்கம் திருப்பத்தான் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். நம் கடை டப்பாவில் இருக்கும் அதே சரக்கு கட்டிய ஊர்கள் அவை. அவற்றின் இன்றைய நிலையை நாம் கவனிப்பதில் தவறில்லை.

கப்பலின் கணக்கு

சுற்றுலாக் கப்பல் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பெரிய கப்பல் ஒன்றில் நாலாயிரம், ஐயாயிரம் பயணிகள் இருப்பார்கள். அதிகாலையில் துறைமுகத்தில் கட்டுவார்கள். மாலை ஐந்து ஆறு மணிக்கு அவிழ்த்து விடுவார்கள். படுக்கை, காலைப் பலகாரம், இரவுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பயணி முன்பணம் கட்டியாயிற்று. அரிசி, மாவு, காய்கறி, எண்ணெய் அத்தனையும் பெரிய ஒப்பந்தக்காரர்கள் மூலம் மொத்தமாக ஏற்றப்படுகின்றன. வழியில் உள்ள துறைமுகத்துச் சில்லறை மளிகைக் கடையில் ஒரு மூட்டை கூட வாங்குவது அபூர்வம். துணி, நகை, வாசனைத் திரவியம் விற்கும் கடைகள் கப்பலுக்குள்ளேயே இருக்கின்றன.

கரையில் இறங்கினாலும் பலர் கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த பேருந்தில் ஏறி விடுகிறார்கள். சிவிதாவெக்கியா துறைமுகத்தில் இறங்குகிறவர் ரோமுக்குப் போகிறார். லிவோர்னோவில் இறங்குகிறவர் பிளாரன்சுக்கும் பைசாவுக்கும் போகிறார். லெ ஹாவ்ரில் இறங்குகிறவருக்குப் பாரிஸ் மேல் கண். துறைமுக ஊர் வெறும் பேருந்து நிலையமாக நின்று போகிறது. புகையும் நெரிசலும் உள்ளூருக்கு, கல்லாப்பெட்டி கப்பலுக்கு.

நம் ஊர்ச் சுற்றுலாவும் இந்த ஜாடையில்தான் இருக்கிறது. மதுரையில் கார் எடுத்து வருகிறார்கள். நேரே விடுதி, பிறகு ஒரு பெரிய வீடு, ஆத்தங்குடி கல் தயாரிக்கும் இடம், பழம்பொருள் கடை, அப்படியே திரும்பி விடுகிறார்கள். நாச்சியாபுரம் கடைவீதி வழியாகக் கார் போகிறது. நிற்பதில்லை.

குடியிருப்போர் இல்லாத நகரம்

வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கியது. இதற்குக் காரணம் கப்பல் மட்டும் அல்ல. வெள்ளம், வேலையின்மை, வீட்டு விலை எல்லாம் சேர்ந்தே மக்களை வெளியேற்றின. என்றாலும் வீடு வீடாகச் சுற்றுலாப் பயணிக்கு வாடகைக்குப் போனபோது, அந்த வீட்டுக்கு மாதச் சாமான் போட்ட மளிகைக் கடைக்கு வேலையில்லாமல் போயிற்று. ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையும் இருந்த இடத்தில் முகமூடியும் கண்ணாடிப் பொம்மையும் விற்கிறார்கள். ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கு வாங்கும் பருப்பும் எண்ணெயும் ஒரு நாள் பயணிக்குத் தேவையில்லை என்பது நாம் அறிந்ததே.

2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்கள் நகரின் ஜூடெக்கா கால்வாய் வழியாக வரக்கூடாது என்று இத்தாலிய அரசு தடை விதித்தது. 2024-ல் குறிப்பிட்ட நாட்களில் வந்து போகும் பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டு வந்தார்கள். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரமும் 2019-ல் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல், நாலாயிரம் பயணி என்று வரம்பு கட்டியது. எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் மூடிய மளிகைக் கடையை எந்தச் சட்டமும் திறந்து வைக்காது.

சந்தையைக் காத்த ஊர்கள்

பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தை உலகப் புகழ் பெற்றது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வழியை அடைத்துக் கொண்டதால் மீனும் காயும் வாங்கும் உள்ளூர்ப் பெண்கள் வர மறுத்தார்கள். புகைப்படம் எடுப்பவர் எதுவும் வாங்குவதில்லை. சில கடைக்காரர்கள் மீனையும் காயையும் விட்டுப் பழச்சாறும் நறுக்கிய பழமும் விற்கத் தொடங்கினார்கள். 2015-ல் மாநகராட்சி ஓர் உத்தரவு போட்டது: வெள்ளி, சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை 15 பேர், அதற்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரக்கூடாது. வாடிக்கையாளர் வரும் நேரத்தை வாடிக்கையாளருக்கே ஒதுக்கிய இந்த உத்தரவு நம் சங்கங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

அதே நகரின் சான் அந்தோணி சந்தையை 2009-ல் புதுப்பிக்கத் தொடங்கி 2018-ல் திறந்தார்கள். ஒன்பது வருடமும் கடைக்காரர்களைத் தெருவில் விடவில்லை. பக்கத்திலேயே தற்காலிகச் சந்தை அமைத்துக் கொடுத்தார்கள். புதுப்பிப்பு என்ற பெயரில் கடைகளை இடித்துவிட்டு, "பிறகு வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் உள்ள நாட்டில் இருக்கும் நமக்கு இது படிக்க ஆறுதலாக இருக்கிறது.

எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்பெயின் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, பழைய குறைந்த வாடகையில் இருந்த ஏராளமான கடைகளின் பாதுகாப்பு 2014 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இருபது வருடம் அவகாசம் இருந்தும் பலர் மாற்று ஏற்பாடு செய்து கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த கடைகள் பூட்டப்பட்டன. பிறகுதான் 200-க்கும் மேற்பட்ட பழைய கடைகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்க மாநகராட்சி முன்வந்தது.

லிஸ்பனிலும் இதே கதை. 2012-ல் வாடகைக் கட்டுப்பாடு தளர்ந்தது. கடைகள் விழத் தொடங்கின. 2015-ல் மாநகராட்சி 'வரலாறு உள்ள கடைகள்' என்றொரு திட்டம் போட்டது. 2017-ல் அத்தகைய கடைகளுக்கு நாடு முழுவதும் வாடகைப் பாதுகாப்புத் தரும் சட்டம் வந்தது. அந்த நகரில் 1930-ல் தொடங்கிய ஒரு மீன் டப்பாக் கடை இருக்கிறது. ஒவ்வொரு டப்பாவையும் கையால் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் மளிகைக் கடைப் பொட்டலம்தான்! அதை நாம் பழைய பாணி என்று விட்டுவிட்டோம். அவர்களுக்கு அதுவே விளம்பரமாகிவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், அவர் சொல்ல மாட்டார்" என்று வாய்ப்பேச்சில் ஓட்டும் கடைகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன. கட்டடம் விடுதிக்காரருக்குக் கைமாறும் நாளில் வாய்ப்பேச்சு நிற்காது. சிற்றூர்க் கடைக்காரர்களும் எழுதி வைத்துக் கொள்வதே நல்லது.

இரண்டாவது, விடுதிகளின் கொள்முதல். செட்டிநாட்டுச் சமையல் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அதற்கு வேண்டிய கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு, வரமிளகாய் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. ஆனாலும் வெளியூர் மொத்தக் கடையிலிருந்து சரக்கு வரவழைக்கிறார்கள் என்றால், ஒரே தரம், ஒழுங்கான பில், சொன்ன நேரத்தில் சரக்கு ஆகிய மூன்றையும் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். தனிக்கடை ஒன்றால் முடியாததைப் பத்துக் கடைகள் சேர்ந்து வாராந்திர விலைப்பட்டியலோடு செய்ய முடியும். சங்கமே முன்னின்று விடுதி நிர்வாகிகளை அழைத்துப் பேச வேண்டும்.

மூன்றாவது, கையில் எடுத்துப் போகும் சரக்கு. சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், மசாலாப் பொடி ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களில், எடை, விலை, தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அச்சிட்டு விற்கலாம். கார் வைத்து வருகிறவருக்கு ஒரு விலை, ஊர்க்காரருக்கு ஒரு விலை என்ற புத்தி மட்டும் வேண்டாம். அது இரண்டு பேரையும் இழக்கும் வழி.

நான்காவது, வண்டி நிறுத்தும் இடம். பேருந்தும் காரும் விடுதி வாசலில் நிற்காமல் கடைவீதியின் ஒரு முனையில் நிறுத்தப்பட்டால், பயணி நடந்து போவார். நடக்கிறவர்தான் கடையைப் பார்ப்பார். மாநகராட்சியிடமும் ஊராட்சிகளிடமும் இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுக்க வேண்டிய நேரம் இது.

"வாடகை கூடினால் கட்டடக்காரருக்கு லாபம்தானே, அவரும் நம் ஊர்க்காரர்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகெங்கும் சுற்றுலாக் கப்பல்கள் நின்றன. பயணியை மட்டும் நம்பிய கடைகள் அன்றே வாடகை கொடுக்க வழியில்லாமல் நின்றன. அதே ஊரடங்கில் நம் தெரு மளிகைக் கடை திறந்திருந்தது; சிட்டையில் எழுதிக்கொண்டு கடனுக்கும் சாமான் கொடுத்தது. வருடம் முழுவதும் வாடகை தரக்கூடியவர் யார் என்பதைக் கட்டடக்காரர்களும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

சுற்றுலா வரட்டும், நாம் வரவேற்கிறோம். கப்பலேறிப் போகும் அன்பர்களும் போய் வரட்டும். போகிற ஊரில் ஒரு மணி நேரம் பேருந்தை விட்டு இறங்கி, அங்குள்ள மளிகைக் கடைக்குள் நுழைந்து, சரக்கை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், யாருக்குக் கடன் என்று பார்த்து வந்து நம் சங்கக் கூட்டத்தில் சொன்னால், அந்தப் பயணச் செலவில் பாதி வரவாகி விடும்.