செல்போனில் வந்துவிட்டால் உண்மையா?

ஏட்டில் எழுதியிருக்கிறது, பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், வெகு காலமாக நடந்து வருகிறது என்கின்ற மூன்று காரணங்களைச் சொல்லியே நம் மக்களை எத்தனையோ தலைமுறைகளாக மடையர்களாக்கி வைத்திருந்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இன்று நான்காவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதாவது, "செல்போனில் வந்திருக்கிறது" என்பதாகும். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு டீக்கடையானாலும் சரி, பக்கத்துக் கிராமத்துச் சாவடியானாலும் சரி, இதைச் சொன்னவுடன் விவாதம் முடிந்துபோகிறது. இணையதளம் என்று பேர் வைத்து, மேலே ஒரு முத்திரையும் ஓரத்தில் இரண்டு படமும் போட்டுவிட்டால் அது சொல்வதெல்லாம் வேதவாக்கு!

இதனால் விளைந்த கேடு கொஞ்சமல்ல. 2017 பிப்ரவரியில் நம் மாகாணத்தில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, வாட்ஸ்அப் புரளியைக் கேட்டு ஊசி வேண்டாமென்ற பெற்றோர் அநேகர். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லா, போளூருக்கு அருகில் அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தக் குற்றத்திற்காக, பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அவரை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் இந்தியா பூராவும் சுற்றிய பிள்ளை பிடிக்கும் படம், உண்மையில் கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவே எடுக்கப்பட்ட படம். அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்!

இது படிக்காதவர்களின் மூடத்தனம் என்று படித்தவர்கள் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தீபாவளி இரவில் இந்தியா ஜொலிப்பதாக 'நாசா' எடுத்த படம் என்று ஒன்றை வருஷந்தோறும் அனுப்புகிறவர்கள் யார்? பட்டதாரிகள்தாமே! அது 1992 முதல் 2003 வரை நகரங்களின் விளக்கொளி பெருகியதைக் காட்ட, பல வருஷத்துப் படங்களை ஒன்றாக்கி நிறம் போட்ட படமேயாகும். 2012-லேயே நாசா இதை விளக்கிவிட்டது. புராணத்திற்குச் சாட்சி சொல்ல இப்போது விஞ்ஞானியை இழுத்து வருகிறார்கள் என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையார் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. சரித்திரப் பண்டிதர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பத் தக்கது என்று கேட்டார்கள். பண்டிதர்களிலும் மாணவர்களிலும் பலர் கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை உற்றுப் பார்த்து, பேரையும் முத்திரையையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்க்கிறவர்களோ சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துகிறவர் யார், இவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து உண்மையைக் கண்டுகொண்டார்கள். சாமியாரின் யோக்கியதையைச் சாமியாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

இவ்வளவு சுலபமான காரியத்தை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் கொடுக்கக்கூடாது? '.ஓஆர்ஜி' என்று முடியும் பேரைப் பணம் கொடுத்து யாரும் வாங்கலாம், '.ஜிஓவி.இன்' என்பது சர்க்காருக்கே உரியது என்பதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? ஒரு படத்தைத் தேடுபொறியில் கொடுத்தால், அது முன்பு எங்கே எப்போது வெளிவந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். இதை ஏழாம் வகுப்புப் பையனோ பெண்ணோ ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கேரளத்தில் 2018-லேயே கண்ணூர் ஜில்லாவில் சுமார் 150 சர்க்கார் பள்ளிகளில் இந்தப் பாடம் நடந்தது. 2024-ல் ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் இதையும் மனப்பாடம் செய்து ஐந்து மார்க்குக்கு எழுதச் சொல்வதானால், அந்தப் பாடம் இல்லாதிருப்பதே மேல். "இது உங்களுக்கு எப்படித் தெரியும், சார்?" என்று மாணவன் வாத்தியாரைக் கேட்க வேண்டும், கேட்டவனை வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றக்கூடாது. நமக்குப் பிடிக்காத செய்தியைச் சந்தேகிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நம் கட்சிக்கும் நம் ஜாதிக்கும் இனிப்பாக வருகின்ற செய்தியை நிறுத்திப் பரிசோதிக்கத்தான் பழக்கம் வேண்டும்.

விளாங்குடித் தோழர்களும் சுற்றுக் கிராமத்துத் தோழர்களும் பள்ளிக்கூடத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டி, அந்த வாரம் செல்போனில் வந்த செய்தி ஒன்றை அவர்களையே துப்புத் துலக்கச் சொல்லலாம். முதல் வாரத்திற்கு வேறு செய்தி அகப்படாவிட்டால், இந்தத் தலையங்கத்தில் நாம் சொல்லியிருக்கும் வருஷங்களையும் கணக்குகளையும் கொடுத்துப் பரிசோதிக்கச் செய்யலாம்.