தேர்வு வருகிறது, நாயை அனுப்பிவிடலாமா?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு சகோதரர் சற்றுத் தயக்கத்தோடு என்னிடம் வந்தார். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வீட்டில் ஆறு வருடமாக வளரும் நாயைக் கிராமத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட நினைக்கிறார்கள். "பொதுத்தேர்வு நேரத்தில் அவள் கவனம் சிதறக் கூடாது, ஐயா" என்றார். படிக்கட்டில் நின்றபடி நான் சொன்ன பதில் அரைகுறையானது. இதே யோசனை வேறு சில வீடுகளிலும் ஓடுவதை அறிவேன். ஆகவே அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பாதீர்கள்.

நம் வீடுகளில் பிள்ளை எப்போதும் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே இருக்கிறது. சோறு, உடை, அறிவுரை, கண்டிப்பு எல்லாம் மேலிருந்து அதற்கு வருகின்றன. தன்னைவிடப் பலவீனமான ஓர் உயிர் தன்னை நம்பியிருக்கிறது என்பதைப் பிள்ளை முதன்முதலில் அறிவது பெரும்பாலும் ஒரு நாயிடத்தில்தான். காலையில் தண்ணீர்ச் சட்டி காலியாயிருந்தால், பிள்ளைக்குக் கோபமோ சோம்பலோ, அது நிரப்பப்பட்டே ஆகவேண்டும். இந்தக் கடமைக்கு மதிப்பெண் இல்லை, பாராட்டும் இல்லை.

நாயும் பிள்ளையிடம் மதிப்பெண் கேட்பதில்லை. நியூயார்க்கில் வாழ்ந்த போரிஸ் லெவின்சன் என்னும் குழந்தை உளவியலாளர், மனிதரோடு ஒட்டாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன் தம்முடைய ஜிங்கிள்ஸ் என்னும் நாயோடு தயக்கமின்றி நெருங்கியதைக் கண்டார். அதன்பின் நாயையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டு, 1962-இல் அதைப்பற்றி எழுதினார். சக மருத்துவர் பலர் நகைத்தார்களாம். தேர்வுப் பயத்தால் நெஞ்சடைத்து, நம்மிடம் வாய் திறவாத பிள்ளை, மொட்டைமாடியில் நாயின் காதருகே என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியாது. அது எங்கேயாவது சொல்லப்படுகிறதே என்று நாம் ஆறுதலடையலாம்.

2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை இந்த எண்ணத்தோடு மறுபடியும் வாசித்துப் பாருங்கள். உரியாவின் இரத்தப்பழி தன்மேல் இருந்தும் தாவீது உணர்வின்றி அரண்மனையில் இருக்கிறான். நாத்தான் அவனிடம் நியாயப்பிரமாணத்தை வாசித்துக் காட்டவில்லை. ஓர் ஏழையின் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொண்ட ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார். ராஜாவுக்குக் கோபம் மூளுகிறது. ஏன்? சிறுவயதில் ஓர் ஆட்டுக்காகச் சிங்கத்தையும் கரடியையும் எதிர்த்தவன் அவன். அரியணை ஏறியும், பாவத்தில் விழுந்தும், அந்த மேய்ப்பனுடைய உள்ளம் அவனுக்குள் முழுவதும் செத்துப்போகவில்லை. தீர்க்கதரிசி தட்டுவதற்கு ஒரு கதவு மீதியாயிருந்தது. நம் பிள்ளைகள் நாளை வழிதவறினால், அவர்களுக்குள் அப்படி ஒரு கதவு இருக்கவேண்டாமா?

அசுத்தம், நோய், கடி என்று அஞ்சுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கைக்குழந்தையை நாயோடு தனியே விடாதீர்கள். பல்லோ நகமோ பட்டால் சோப்பும் ஓடுகிற நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி, நாய் இருந்தாலே குழந்தைக்கு நோய் வரும் என்பது சரியல்ல. பின்லாந்தில் 397 குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், முதல் வயதில் நாயோடு பழகிய குழந்தைகளுக்குச் சளித்தொல்லையும் காதுநோயும் குறைவாகவே காணப்பட்டன. ஆனால் இரவும் பகலும் சங்கிலியில் கட்டப்பட்ட நாயைப் பார்த்து வளரும் பிள்ளை அன்பைக் கற்றுக்கொள்ளாது. அப்படித்தான் வளர்ப்போமென்றால் வாங்காமலிருப்பதே நலம்.

இன்னொன்று. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். ஐந்து வயதில் குட்டியோடு விளையாடிய பிள்ளை, கல்லூரிக்குப் போகும் காலத்தில் அதன் கண் மங்குவதையும் நடை தளர்வதையும் காண்கிறது. நம் சபையில் ஒரு சிறுவன், நாயைப் புதைத்த மாலையில், "அது பரலோகத்தில் இருக்குமா?" என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அடைக்கலான் குருவியையும் மறவாத பிதா அதை மறக்கமாட்டார் என்றும் சொன்னேன். வெகுநேரம் அழுதான். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை. அது நல்லது.

அன்பான சகோதரரே, அந்த நாய்க்கு முதுமை நெருங்குகிறது. இப்போது அனுப்பினால், இடைஞ்சலாகிவிட்ட உயிரை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்பதை உங்கள் மகள் உங்களிடமிருந்தே கற்பாள். நீங்களும் நானும் ஒருநாள் முதியவர்களாவோம். மாலையில் அரைமணி நேரம் அவள் அதோடு நடக்கட்டும். தேர்வு நாட்களில் அதன் சாப்பாட்டை நீங்கள் வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் உங்கள் வீட்டில்தான். கேட்டைத் திறக்கும்போது அது குரைக்கும் என்று எதிர்பார்த்தே வருகிறேன்.