வானில் பேச்சு நின்றால்

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் நமக்கு எத்தனையோ பயங்கள் உண்டாகின்றன. யந்திரம் நின்றுவிடுமோ, மேகத்தில் புகுந்தால் குலுக்கி எடுக்குமோ என்றெல்லாம் எண்ணிக் கைப்பிடியை இறுகப் பற்றிக் கொள்கிறோம். விமானியின் ரேடியோ திடீரென்று ஊமையாகிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் நாம் நினைப்பதேயில்லை.

நினைக்காமலிருப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. ரேடியோ இல்லாவிட்டாலும் விமானம் பறக்கும். அதைத் தாங்குவது காற்றும் இறக்கையுமேயன்றிப் பேச்சு அல்ல. முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு என்பதே விமானிகள் கற்கும் பால பாடம். ஆனால் அதே வானில் மற்ற விமானங்களும் போய்க் கொண்டிருக்கின்றனவே! பேச முடியாதவர் எந்தப் பக்கம் திரும்புவார், எந்த உயரத்தில் வருவார் என்பது தரையிலிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அபாயம் இருப்பது அங்கேதான்.

பேச்சு நின்றதும் விமானி முதலில் சோதிப்பவை மிகச் சாதாரணமான விஷயங்கள். ஒலியைக் கூட்டும் திருகு குறைந்திருக்கிறதா? காதணிக் கருவியின் கம்பி கழன்றிருக்கிறதா? வீட்டில் விளக்கு எரியாவிட்டால், மின்சாரக் காரியாலயத்தைத் திட்டுவதற்கு முன் நாம் பல்பைத் திருகிப் பார்ப்பதில்லையா, அது போலத்தான். பிறகு இரண்டாவது ரேடியோ. பிறகு, கடைசியாகப் பேசிய அலைவரிசை. பிறகு எல்லாருக்கும் பொதுவான அவசர அலைவரிசையாகிய 121.5. அருகில் பறக்கும் வேறு விமானத்தின் மூலம் செய்தி சொல்லி அனுப்புவதும் உண்டு.

ஒன்றும் பலிக்கவில்லையென்றால், டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியில் 7600 என்ற எண்ணை வைக்கிறார். தரையிலுள்ள ராடார் திரையில் அந்த எண் தோன்றியதும், "இவர் பேச முடியாதவர்" என்று அதிகாரிகள் அறிந்து கொள்கிறார்கள். பார்வை தெளிவாயிருந்தால் தகுந்த நிலையமொன்றில் அவர் இறங்கிவிட வேண்டும். மேகமூட்டத்தில் அகப்பட்டவருக்கோ விதி வேறு. ராடார் உள்ள பிரதேசத்தில் ஏழு நிமிஷம், இல்லாத பிரதேசத்தில் இருபது நிமிஷம், கடைசியாகக் கிடைத்த உத்தரவின்படியே உயரத்தையும் வேகத்தையும் வைத்துக் கொண்டு, பிறகு புறப்படுமுன் எழுதிக் கொடுத்த திட்டத்தின்படி செல்ல வேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு. தேசத்துக்குத் தேசம் சில மாறுதல்கள் உண்டு. கோபுரத்திலிருந்து பச்சை விளக்கு நிலையாகத் தெரிந்தால் இறங்கலாம். சிவப்பு நிலையாகத் தெரிந்தால் வழிவிட்டுச் சுற்ற வேண்டும். கண்டுகொண்டதற்கு அடையாளமாக விமானி பகலில் இறக்கையை ஆட்டுகிறார். ஒரு வார்த்தை பேசாமல் நடக்கும் இந்தச் சம்பாஷணை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் பேச்சு நின்றதையே ஒருவரும் கவனிக்காவிட்டால்? 2017-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி, அந்நாளில் இயங்கி வந்த ஜெட் ஏர்வேஸின் பம்பாய்-லண்டன் விமானம் ஜெர்மனிக்கு மேலே தொடர்பு இழந்தது. 330 பிரயாணிகள் உள்ளே இருந்தார்கள். ஜெர்மானிய யுத்த விமானங்கள் இரண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தன. பிறகு தொடர்பு கிடைத்து, லண்டனில் சுகமாக இறங்கிற்று.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி, பிரேஸில் தேசத்தில் ஏழு பேருடன் ஒரு சிறிய லெகஸி விமானம் மனாவுஸ் நகரை நோக்கி 37,000 அடி உயரத்தில் சென்றது. பிரேஸிலியாவைத் தாண்டியதும் 36,000 அடிக்கு இறங்க வேண்டுமென்று திட்டத்தில் இருந்தது. இறங்கச் சொல்லி ஒருவரும் உத்தரவிடவில்லை. அதிகாரியின் திரையோ திட்டத்திலிருந்த எண்ணைத் தானாகவே காட்டிக் கொண்டிருந்தது. சற்று நேரத்தில் லெகஸியின் டிரான்ஸ்பாண்டர் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது. விமானிகள் அதை உணரவில்லை. அரை மணிக்கு மேல் தரையிலிருந்தோ விமானத்திலிருந்தோ ஒருவரையொருவர் கூப்பிடவுமில்லை. பிறகு கூப்பிட்டபோது குரல் எட்டவில்லை. முடிவில் தரையிலிருந்து ஒரு செய்தி அரைகுறையாகக் காதில் விழுந்தது. மாற வேண்டிய அலைவரிசையின் கடைசி எண்கள் மட்டும் விளங்கவில்லை. மறுபடி சொல்லும்படி விமானி கேட்டார். பதில் வரவில்லை.

சில நிமிஷங்களுக்கெல்லாம், எதிரே அதே உயரத்தில் வந்த கோல் கம்பெனியின் போயிங்குடன் லெகஸி மோதியது. மோதலைத் தடுக்க எச்சரிக்கும் கருவி இரண்டிலும் இருந்தது. டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்திருந்ததால் அது வாய் திறக்கவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இறக்கை முனை முறிந்த லெகஸி, வழியில் சென்ற ஒரு சரக்கு விமானத்தின் மூலம் செய்தி சொல்லியனுப்பி, கஷிம்போ ராணுவ தளத்தில் இறங்கியது. பேசாமலிருந்த டிரான்ஸ்பாண்டர், மோதலுக்குப் பின்னர் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.