ஏறும் திட்டமும் இறங்கும் திட்டமும்

காசி யாத்திரைக்குப் புறப்படுகிறவர்களையே கண்ணீர் விட்டு வழியனுப்பிய குடும்பங்கள் நம்முடையவை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று, இரண்டு வார லீவு கிடைத்தால் போதும், இமயமலைச் சிகரம் ஒன்றில் ஏறிவிட்டு வருகிறோம் என்கிறார்கள். பெற்றோருக்கு என்ன பதில் சொல்வதென்று விளங்குவதில்லை. "வேண்டாம்" என்றால் கோழைத்தனத்தைக் கற்பித்ததாகும். "சரி" என்றால் இரவுத் தூக்கம் போய்விடும். நமது அபிப்பிராயத்தைக் கேட்டால், போகட்டும் என்றே சொல்வோம். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், பிரயாணத் திட்டம் எழுதிய தாளை வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு முறை வாசிக்க வேண்டும். எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொண்டால், ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு சிகரத்தை எடுத்துக்கொள்வோம். நேபாளத்தில், எவரெஸ்டுக்கு அண்டையிலுள்ள லோட்ஸே மலையின் தென்புறத்தில், இம்ஜா த்ஸே என்ற சிகரம் இருக்கிறது. உயரம் 6,160 மீட்டருக்குச் சற்று மேல். அடிக்கணக்கில் இருபதாயிரத்தைத் தாண்டும். டிங்போச்சே கிராமத்திலிருந்து பார்த்தால், பனிக்கட்டிக் கடலின் நடுவே ஒரு தீவு நிற்பது போல் தோன்றும். ஆகையால் அப்பக்கம் சென்ற ஆங்கிலேயக் கோஷ்டியினர் அதற்கு 'ஐலண்ட் பீக்' என்று பெயர் வைத்தார்கள். 1953-ல் எவரெஸ்ட் ஏறுவதற்கு வந்த கோஷ்டியிலும் சிலர் முதலில் பழக்கத்துக்காக இதில் ஏறினார்கள். இன்று இமயத்தில் முதன்முதலாகக் கயிறு பிடிக்கிறவர்கள் பலரைக் கம்பெனிகள் இங்கேதான் அழைத்துச் செல்கின்றன.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது நாட்கணக்கு. பணக்கணக்கை அப்புறம் பார்க்கலாம். லுக்லா என்னும் ஊரில் விமானத்தை விட்டு இறங்கியதும் நடை ஆரம்பிக்கிறது. அந்த லுக்லாவே 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவில் எல்லாவற்றிலும் உயரமானது ஆனைமுடி. அது 2,695 மீட்டர். அதாவது, நமது மலைகள் முடிந்துவிடுகிற உயரத்துக்கு மேலேதான் அவர்களுடைய நடையே தொடங்குகிறது.

ஒழுங்கான திட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் நாள் லுக்லாவிலிருந்து சற்றுக் கீழே இறங்கி, 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங்கில் தங்கல். இரண்டாம் நாள் நாம்சே பஜார், 3,440 மீட்டர். மூன்றாம் நாளும் நாம்சேயிலேயே. நான்காம் நாள் புத்த மடாலயம் உள்ள தெங்போச்சே, 3,860. ஐந்தாம் நாள் டிங்போச்சே, 4,410. ஆறாம் நாள் மறுபடியும் அங்கேயே. ஏழாம் நாள் சுக்குங், 4,730. எட்டாம் நாள் பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கி, உறக்கம் சுக்குங்கிலேயே. ஒன்பதாம் நாள் சிகரத்தின் அடிவாரக் கூடாரம், சுமார் 5,100. பத்தாம் நாள் சிகரம். லுக்லா திரும்ப இன்னும் மூன்று நாள். இத்துடன் சிகரத்தில் காற்றும் பனியும் தடுத்தால் காத்திருக்க ஒரு நாளாவது சேர்க்க வேண்டும். லுக்லா விமானம் மேகத்தை நம்பிப் பறக்கிறது. அதற்காக இரண்டு நாள். காட்மாண்டுவில் ஏற்பாடுகளுக்கு இரண்டு நாள். ஆகப் பதினெட்டு நாட்கள். இரண்டு வார லீவு போதாது என்பதைச் சொல்லாமலே நேயர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

"நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் சும்மா உட்கார்ந்திருப்பானேன்? அந்த இரண்டு நாளையும் குறைத்தால் லீவுக்குள் அடங்கிவிடுமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கம்பெனிகளில் சில இதையே செய்து, செலவும் குறைவு என்று விளம்பரம் செய்கின்றன. இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். தேகம் இதற்கு இணங்கிக் கொள்ளும் சக்தி உடையது. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். மலை வைத்தியர்கள் கணக்கு ஒன்று சொல்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல், இன்றிரவு படுக்கும் இடம் நேற்றிரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது; மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை, ஒரே உயரத்தில் இரண்டு இரவு கழிக்க வேண்டும். பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர் ஏற்றம்; தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550. கணக்கு மீறுகிற இடங்களில்தான் இரண்டு இரவு வைத்திருக்கிறது. அன்று பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுப்பதும் இந்த வைத்தியத்தில் சேர்ந்ததே. பரீக்ஷைக்கு முந்திய இரவில் வருஷப் பாடத்தையும் நெட்டுருப் போட்டுத் தேறிவிடும் மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தேகம் அப்படி நெட்டுருப் போடாது.

அவசரப்பட்டால் முதலில் தலைவலியும் குமட்டலும் வரும், தூக்கம் கெடும். அந்த நிலையில் மேலே ஏறாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். நிற்காமல் ஏறினால், மூளை வீங்கி நடை தள்ளாடலாம். நுரையீரலில் நீர் கோத்து, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கலாம். இரண்டும் உயிரைக் குடிக்கக் கூடியவை. உடனே கீழே இறங்குவதே இவற்றுக்கு முதல் மருந்து. இரவானாலும் இறங்கத்தான் வேண்டும். அஸெட்டஸோலமைடு என்ற மாத்திரை தேகம் இணங்குவதற்கு உதவும். அதை வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். குறைத்துவிட்ட நாட்களுக்கு அது ஈடாகாது. இன்னொன்றையும் தாய்மார்கள் தெரிந்துகொள்வது நல்லது. "எங்கள் பையன் தினம் ஐந்து மைல் ஓடுகிறான்" என்ற தைரியம் இங்கே செல்லாது. தேகப் பயிற்சி கால்களைப் பலப்படுத்தும், மலைநோயைத் தடுக்காது. பலசாலிகள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து அதிகமாவதும் உண்டு. 1973-ல் ஏற்பட்ட இமாலய மீட்புச் சங்கம், டிங்போச்சேக்கு அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள பெரிச்சேயில் ஒரு வைத்திய நிலையம் நடத்துகிறது. மலையேறும் பருவங்களில் அங்குள்ள வைத்தியர்கள் யாத்ரிகர்களுக்கு இந்த விஷயங்களைப் பிரசங்கமாகவே எடுத்துச் சொல்கிறார்கள்.

நாட்கணக்குச் சரியாக இருந்தால் அடுத்தபடி ஆட்கணக்கு. வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர்? அவர் சிகரத்தில் ஏற்றிச் செல்ல உரிமைச் சீட்டுப் பெற்றவரா? நேபாள மலையேறுவோர் சங்கத்தின் அனுமதி யார் வாங்குவது? பிராணவாயுக் குழாய் கூட வருகிறதா? இன்ஷூரன்ஸ் பத்திரத்தில், கயிறு கட்டி ஏறுவதும் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் ஹெலிகாப்டரில் மீட்பதும் அடங்குமா? சாதாரணப் பிரயாண இன்ஷூரன்ஸ் பலவற்றில் இவை அடங்குவதில்லை. கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் வரட்டும், வாய்வார்த்தை வேண்டாம்.

சுமை தூக்குகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இவர்களெல்லாம் ஷெர்ப்பாக்கள், மலையிலேயே பிறந்தவர்கள், இவர்களை எதுவும் செய்யாது என்று நம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஷெர்ப்பா என்பது ஒரு ஜனசமூகத்தின் பெயர், தொழிலின் பெயரன்று. சுமையாட்களில் பலர் தாழ்ந்த மலைச்சரிவுகளிலிருந்து கூலிக்கு வரும் ராய், தமாங் வகுப்பினர். நம்மைப் பிடிக்கும் அதே மலைநோய் அவர்களையும் பிடிக்கும். கம்பளி உடுப்பு, நல்ல பூட்ஸ், இரவில் தங்க இடம், இன்ஷூரன்ஸ் இவை அவர்களுக்கு உண்டா, ஒருவர் தலையில் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்றாமல் இருக்கிறார்களா என்று விசாரிப்பது தர்மம் மட்டுமன்று, விவேகமும் ஆகும். கூலியாளின் கம்பளியில் மிச்சம் பிடிக்கிற கம்பெனி நமது கயிற்றிலும் மிச்சம் பிடிக்கும்.

இனிச் சிகரம் ஏறும் நாள். நள்ளிரவு கழிந்து ஒன்று, இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். முதலில் பாறைச் சரிவு. பிறகு பனியாறு, பூட்ஸுக்கு அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பனிப்பிளவுகளைக் கடக்க வேண்டும். சில வருஷங்களில் பிளவுகளின் மேல் ஏணி போட்டிருக்கும். உலகம் சூடேறுவதால் இங்கே வழியே மாறுகிறது. மலையடியில் பனி உருகித் தேங்கிய இம்ஜா ஏரி, கரையை உடைத்துக் கிராமங்களை அடித்துச் செல்லுமோ என்று அஞ்சி, 2016-ல் நேபாள ராணுவத்தார் அதன் நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். ஆகையால் போன வருஷம் போனவர் சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருஷம் நடக்க முடியாது. கடைசியில் செங்குத்தான பனிச்சுவர். அதில் கட்டியிருக்கும் கயிற்றில் கைப்பிடியை மாட்டி ஏற வேண்டும். அதற்கு மேல் கத்தி விளிம்பு போன்ற முகடு. அதன் முடிவில் சிகரம். அங்கிருந்து எவரெஸ்ட் தெரியும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். லோட்ஸே குறுக்கே நின்று மறைத்துவிடுகிறது. அதே கயிற்றில் அதே சுவரில் இறங்கவும் வேண்டும். கால் சோர்ந்து, மனம் 'முடிந்தது' என்று தளர்ந்திருக்கும் வேளை அது.

ஆகவே திட்டத்தில் இன்னொரு வரி அவசியம்: எத்தனை மணிக்குத் திரும்புவது? காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டால், சிகரம் நூறடி தூரத்தில் இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பொழுது ஏற ஏறக் காற்று கிளம்பும். வெயிலில் பனி இளகும். இந்த மணியைக் கீழே, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே நிச்சயிக்க வேண்டும். மேலே பிராணவாயுக் குறைவில் புத்தி மந்தமாக இருக்கும்போது நிச்சயிக்க முடியாது. வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி அவர் "போதும், திரும்புங்கள்" என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த வார்த்தைக்கு மறுப்புச் சொல்வதில்லை என்று பிள்ளைகள் வீட்டிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

திரும்புவது அவமானம் என்று நினைக்கிறவர்களுக்கு நமது தேச சரித்திரமே பதில் சொல்கிறது. 1960-ல் எவரெஸ்டுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் சோனம் கியாத்ஸோ, நவாங் கோம்பு, நரேந்திர குமார் மூவரும் உச்சிக்கு ஏறக்குறைய எழுநூறு அடி கீழே புயலில் அகப்பட்டுத் திரும்பினார்கள். 1962-ல் இரண்டாவது கோஷ்டி சென்றது. கியாத்ஸோவும் கோலியும் ஹரி டாங்கும் இன்னும் அருகில் போய்த் திரும்பினார்கள். தேசம் அவர்களைக் கோழைகள் என்று சொல்லவில்லை. 1965-ல் அதே கோலியின் தலைமையில் மூன்றாவது கோஷ்டி சென்றபோது ஒன்பது பேர் உச்சியில் நின்றார்கள். முன்பு திரும்பிவந்த கியாத்ஸோவும் கோம்புவும் அந்த ஒன்பதின்மரில் இருவர். 1960-ல் அவர்கள் பிடிவாதம் செய்திருந்தால் 1965 அவர்களுக்கு இருந்திராது.

சிகரம் எங்கும் போய்விடாது. இந்த வருஷம் லீவு போதவில்லை என்றால், டென்ஸிங் பயிற்சித் தலைவராக இருந்த டார்ஜிலிங் மலையேற்றக் கழகத்திலோ உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றக் கழகத்திலோ சேர்ந்து, முதலில் கயிறும் பனிக்கோடரியும் பழகி வரலாம். அடுத்த வருஷம் பதினெட்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு போகலாம். அப்போது அந்தத் தாளில் தங்கல் நாட்களும், காத்திருக்கும் நாட்களும், திரும்பும் மணியும் எழுதியிருந்தால், பெற்றோர்கள் மனப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்.