கதவுக்குக் காவல்

போன மாதம் உறையூரில் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போதே அவள் மாமியார் உதட்டில் விரலை வைத்து, "உஷ்! மெதுவா வாம்மா. உள்ளே பரீட்சை நடக்குது" என்றார். பேரனுக்குத்தான் பரீட்சை என்று நினைத்தேன். அவனோ பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் முறுக்குத் தின்னப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்! பரீட்சை எழுதுகிறவள் அவன் தாயார். வயது முப்பத்தெட்டு.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அவள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி வேலை தேடினால், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விதான் எங்கும் எதிரே வந்து நின்றதாம். கையில் காட்டப் புதிதாக ஒரு சான்றிதழ் வேண்டும் என்று 'காம்ப்டியா ஏ பிளஸ்' பரீட்சைக்குப் பணம் கட்டினாள்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் முதல் படி ஏறுகிறவர்களுக்காக 1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய பரீட்சை இது. இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் அதிகமாய்ப் போனால் 90 கேள்விகள்; நேரம் 90 நிமிஷம். 900-க்கு முதல் தாளில் 675-ம் இரண்டாவதில் 700-ம் வாங்க வேண்டும். சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். கம்ப்யூட்டரே புதிது என்கிற சகோதரிகள், மத்திய அரசின் 'நீலிட்' நடத்தும் சி.சி.சி. பரீட்சையில் தொடங்கலாம். 80 மணி நேரப் பாடம், 100 கேள்விகள். பாதி வாங்கினால் தேர்ச்சி.

நம்மவள் முதல் தடவை தோற்றுப் போனாள். "யாரோ வித்த கேள்வி-பதில் கட்டை வாங்கி உருப்போட்டேன் அக்கா. பரீட்சையிலே படத்தைக் காட்டி, இதைச் சரி பண்ணுங்கறான். கை ஓடலே" என்றாள். அத்தகைய கட்டுகளைப் படிப்பதே விதிக்கு விரோதம். தெரிந்தால் வாங்கிய சான்றிதழையும் ரத்துச் செய்துவிடலாம். மறுபடி எழுத முழுப் பணமும் கட்ட வேண்டும். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் போயிற்று. "இந்த வயசிலே இதெல்லாம் தேவையா?" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மறு வாரம், பழைய சாமான் கடையிலிருந்து ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினாள், மாட்டினாள். அவள் "ராம், ராம்" என்று முணுமுணுப்பதைக் கேட்டு, மருமகளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று மாமியார் மகிழ்ந்தாராம். 'ராம்' என்பது கம்ப்யூட்டரின் நினைவுப் பலகைக்குப் பெயர்!

பழுது பார்க்க ஆறு படிகள் என்கிறது பாடம். உபயோகித்தவரை விசாரித்துக் கோளாறு என்ன என்று அறிய வேண்டும். காரணத்தை ஊகிக்க வேண்டும். ஊகத்தைச் சோதிக்க வேண்டும். திட்டமிட்டுச் சரிசெய்ய வேண்டும். எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, மறுபடி கெடாமல் தடுக்க வேண்டும். கடைசியில், நடந்ததை எழுதி வைக்க வேண்டும். மிக்ஸி நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "கடைசியா யார் அரைச்சது?" என்றுதானே முதலில் கேட்கிறோம்! பிறகுதான் பிளக்கைப் பார்க்கிறோம். ஆறில் ஐந்து படிகள் நமக்குப் பழக்கமே. எழுதி வைப்பதுதான் கிடையாது.

அதையும் அவள் பழகிக்கொண்டாள். அன்றன்று எது தப்பாயிற்று, ஏன் என்று இரண்டு வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வெக்காளியம்மன் கோயிலில் வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவது உறையூர் வழக்கம். அவளும் கட்டினாள். "அம்மனுக்கு ஒரு சீட்டு, எனக்குத் தினம் ஒரு சீட்டு" என்று சிரித்தாள்.

இந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கட்டுப்பாடு பலம். மேஜைமேல் ஒன்றும் இருக்கக் கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் பரீட்சையே நின்றுவிடலாம். அதற்காகத்தான் மாமியாரின் காவல். கூரியர்காரரையும் கீரைக்கார அம்மாளையும் கை காட்டியே திருப்பி அனுப்பினார்.

கதவு திறந்தது. "698, அத்தை!" என்றாள் அவள்.

"கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். தேறிட்டியா, இல்லியா?"

"தேறிட்டேன்."

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இன்னொண்ணு இருக்குன்னியே, அது எப்போ?"

"ரெண்டு மாசத்திலே, அத்தை."

"தேதியை முன்னாடியே சொல்லிடு. அன்னைக்கும் நானே உட்கார்ந்துக்கறேன்."

சகோதரிகளே, படிக்கிறவளுக்குப் புஸ்தகம் வாங்கித் தர எல்லோராலும் முடியாது. தொண்ணூறு நிமிஷம் கதவுக்குக் காவல் இருக்க எந்த வீட்டிலும் ஒருவர் உண்டு அல்லவா?