சர்ஜன் பெண்ணின் ராஜிநாமா

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு அம்மாள் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிப் போக வந்தார். வந்தவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். விஷயம் உறைமோர் அல்ல என்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். என் தாயார் எனக்கு முன்பே ஊகித்துக் காப்பிக்கு வெந்நீர் வைத்துவிட்டார்.

"ஏன் தம்பி, நீ பத்திரிகைக்காரன்தானே? ஒரு சமாசாரம் விசாரித்துச் சொல்லேன். டாக்டர் மேல் படிப்புப் படிக்கிறவர்கள் பாதியில் வேறே பிரிவுக்கு மாறிக் கொள்ளலாமா?"

அந்த வீட்டுப் பெண் எங்கள் தெருவுக்கே பெருமை. நாலரை வருஷம் எம்.பி.பி.எஸ்., அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், பிறகு நீட் பி.ஜி. பரீட்சை. நல்ல ராங்க் வந்து, எம்.எஸ். ஜெனரல் சர்ஜரியில் இடம் கிடைத்தது. அன்று அவள் தகப்பனார் தெரு முழுவதும் மைசூர்பாகு விநியோகம் செய்தார். பால்காரருக்குக்கூட இரண்டு துண்டு. பெண்ணின் ஜாதகத்தோடு 'எம்.எஸ். சர்ஜன்' என்று ஒரு குறிப்பும் அப்போதே சேர்ந்துவிட்டது. படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. மைசூர்பாகு வாயில் இருந்தது.

ஒன்பது மாதம் ஆயிற்று. போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பெண் போன் செய்தாளாம். "அம்மா, எனக்கு இது வேண்டாம். நோயாளி பேசினால் கேட்டுக் கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் எப்போது வெளியே வருவோம் என்று இருக்கிறது. நான் விட்டுவிட்டு மனநல வைத்தியம் படிக்கப் போகிறேன்."

அன்றிலிருந்து தகப்பனார் பெண்ணோடு பேசுவதில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டராகவா இவளை வளர்த்தேன்?" என்று ஒரு தடவை சொன்னாராம். அதோடு சரி.

நான் விசாரித்தேன். தெரிந்ததைச் சொல்லுகிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு டாக்டர் பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம்.

நம் நாட்டில் 'மாறிக் கொள்வது' என்பது அநேகமாகக் கிடையாது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல் கூடாது என்று 2023-ஆம் வருஷத்து மேல் படிப்பு விதிகள் தீர்மானமாகச் சொல்லுகின்றன. பிரிவு பிடிக்கவில்லையென்றால் ராஜிநாமா செய்ய வேண்டும். திரும்பவும் நீட் பி.ஜி. எழுத வேண்டும், இடம் கிடைத்தால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சர்ஜரியில் கழித்த ஒன்பது மாதம் கணக்கில் சேராது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பயிற்சி டாக்டர்கள் துறை மாறுவது உண்டு. காலி இடம் இருக்க வேண்டும், புதிய துறைத் தலைவர் சம்மதிக்க வேண்டும்.

இங்கே அதற்கு மேல் பாண்டுப் பணம் என்று ஒன்று. கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்தபின் இடத்தை விட்டால் பல மாநிலங்களில் லட்சக் கணக்கில் கட்டச் சொன்னார்கள். கேட்கும்போது அக்கிரமமாகத் தோன்றுகிறது. ஆனால் நியாயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. அந்த வேளையில் காலியாகும் இடத்தில் அந்த வருஷம் வேறு யாரும் சேர முடியாது. வார்டில் ஒரு டாக்டர் குறைவு. கூடப் படிக்கிறவர்கள் அவள் பங்கு ராத்திரி டியூட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், பணத்துக்குப் பயந்து வேண்டாத படிப்பில் மாட்டிக் கொண்டு தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை உத்தேசித்துத்தான் 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதிற்று. பாண்டை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் வேண்டுமானால் ஒரு வருஷம் அந்த மாநிலத்தில் சேர முடியாதபடி தடுத்து வையுங்கள் என்று. அது யோசனை, உத்தரவு அல்ல. ஆகையால் ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், எவ்வளவு கட்ட வேண்டும், கல்லூரியில் கொடுத்து வைத்த அசல் சர்ட்டிபிகேட்டுகள் எப்போது திரும்பி வரும், மறுபடி பரீட்சை எழுதத் தடை உண்டா என்ற மூன்றையும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது. வாய்ப் பேச்சு உதவாது.

என்னோடு காலேஜில் படித்த சிநேகிதனின் தம்பி டாக்டர். அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "முதல் வருஷத்தில் ஓடிப் போய்விடலாம் என்று நினைக்காத பி.ஜி. யார், சார்? ரத்தம் எடுப்பது, கட்டுப் பிரித்துக் கட்டுவது, ரிப்போர்ட்டுக்கு அலைவது, இதில்தான் அந்த வருஷம் போகும். பெண்ணை நாலு நாள் லீவு போட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கட்டும். தூங்கி எழுந்த பிறகும் தியேட்டர் வேண்டாம் என்றால், அவள் சொல்லுவது நிஜம். இல்லையென்றால் அது தூக்கம் கேட்கிற பேச்சு."

இதில் வேடிக்கை என்னவென்றால், பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கலாகாது என்று மத்திய சர்க்கார் 1992-லேயே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தெருப் பெண்ணிடம் அதைச் சொன்னால், "செவ்வாய்க்கிழமைக்குள் 48 ஆகிவிடும், மாமா" என்பாள்.

மறுநாள் அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னேன். கூடவே மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றியும் சொன்னேன். சின்ன வயசில் உறவுப் பெண்கள் மூன்று பேர் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் இறந்து போனதைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர். ஸ்டான்லியில் 1944-ல் தேறி, ராணுவ டாக்டராகப் போனார். கடுமையான முடக்கு வாதம் பிடித்தது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். மாதக் கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிக் கொண்டுவிட்டன. பிரசவ வைத்தியம் இனி இல்லை என்று ஆயிற்று. அவர் கண் வைத்தியத்துக்கு மாறினார். 1951-ல் டிப்ளமா, 1954-ல் எம்.எஸ். கோணின விரல்களுக்குத் தகுந்தாற்போல் கருவிகளைச் செய்து கொண்டு, கத்தி பிடிக்கத் திரும்பவும் கற்றுக் கொண்டார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அவர் ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அந்த விரல்களால் லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். 2006-ல் காலமானார்.

அம்மாள் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது சரி தம்பி. அவருக்குக் கை முடங்கிற்று. இவளுக்கு என்ன முடங்கிற்று?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் தாயார்தான் குமுட்டி அடுப்புக் காலத்து மனுஷி போலச் சாவதானமாகச் சொன்னார்: "அதைப் பெண்ணைத்தானே கேட்க வேண்டும்? நீங்கள் இரண்டு பேரும் இதுவரையில் அவளைக் கேட்டீர்களா?"

அம்மாள் தலையைக் குனிந்து கொண்டார். போன் வந்த நாளிலிருந்து வீட்டில் பேசினதெல்லாம் பணத்தைப் பற்றியும், ஜாதகத்தைப் பற்றியும், வெளியில் என்ன சொல்லுவது என்பதைப் பற்றியும்தானாம்.

வியாழக்கிழமை உறைமோர்க் கிண்ணம் திரும்பி வந்தது. அதில் நாலு முறுக்கு. பெண் லீவு கேட்டிருக்கிறாள், சனிக்கிழமை காலை வருகிறாள் என்றார் அம்மாள். ராஜிநாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை.

"அவர் என்ன சொல்லுகிறார்?" என்று கேட்டேன்.

"என்னோடு பேசினால்தானே? நேற்று ராத்திரி மட்டும் சுவரைப் பார்த்துக் கொண்டு, 'பஸ் எத்தனை மணிக்கு வரும்?' என்று கேட்டார். ஐந்தே காலுக்கு என்றேன். கடிகாரத்தில் நாலரைக்கு அலாரம் வைத்தார்."